முதல் வாரப் புவியியல்: பிள்ளை நிற்கும் இடமே விடை

புதிதாகப் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்திருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "ஜூனில் ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கப் போகிறேன். சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வரும் நாற்பது பிள்ளைகள், ஒருவரையொருவர் தெரியாது. முதல் வாரம் கூச்சம் போக ஏதாவது விளையாட்டு வேண்டும், அதிலேயே புவியியலும் இருக்க வேண்டும். பெஞ்சுகளை ஒதுக்கினால் இடம் கிடைக்கும், மைதானமும் உண்டு. என்ன செய்யலாம்?"

முதலில் எது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அறையின் நான்கு மூலைகளிலும் கண்டங்களின் பெயரை ஒட்டி, "நைல் நதி எங்கே?" என்று கேட்டுப் பிள்ளைகளை ஓடவிடும் விளையாட்டு எல்லாப் பயிற்சி முகாமிலும் வருகிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சத்தமும் பலமாக இருக்கும். ஆனால் அதே மூலைகளில் எண்களை எழுதி வாய்ப்பாடு கேட்டாலும் அதே ஓட்டம்தான். பாடத்தை மாற்றினாலும் ஆட்டம் மாறவில்லை என்றால் அதில் புவியியல் இல்லை, ஓட்டம் மட்டுமே இருக்கிறது. பிள்ளை எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, பக்கத்தில் யார் என்பதே விடையாக இருக்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதியை நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் வகுப்பறைக்கு ஒரு உண்மையான வடக்கு வேண்டும். "வடக்கு எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் கூரையைக் காட்டும். அதுகள் மேல் தப்பில்லை. வரைபடம் எப்போதும் சுவரில்தான் தொங்குகிறது, அதில் வடக்கு மேலேதானே இருக்கிறது? அதனால் முதல் நாளே வரைபடத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் விரியுங்கள், அதன் வடக்கு நிஜ வடக்கைப் பார்க்கிற மாதிரி. பிள்ளைகள் சுற்றி நின்று குனிந்து பார்க்கட்டும்.

நிஜ வடக்கைக் கண்டுபிடிப்பதையே முதல் செயல்பாடாக வைத்துக்கொள்ளலாம். மைதானத்தில் ஒரு மீட்டர் கம்பை நேராக நட்டு, நண்பகலை ஒட்டி நிழலின் நுனியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குறிக்க வேண்டும். நிழல் மிகக் குறுகியிருக்கும் நேரத்தில் அது வடக்கு தெற்காக விழும். இங்கே ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுச் செயல்பாட்டுப் புத்தகங்கள் பலவற்றில் "நண்பகல் நிழல் வடக்கைக் காட்டும்" என்று இருக்கும். ஜூன் மாதத் தமிழ்நாட்டில் அது தலைகீழ். அப்போது சூரியன் கடகரேகையை ஒட்டி, அதாவது 23½ பாகை வடக்கில், உச்சியில் நிற்கிறது. நாம் 8 முதல் 13½ பாகைக்குள் இருக்கிறோம். சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால் நிழல் தெற்கே விழும். சென்னையில் ஜூன் மூன்றாம் வாரத்தில் ஒரு மீட்டர் கம்பின் நிழல் ஒரு சாணுக்கும் குறைவு, ஏறத்தாழ 18 செ.மீ. கன்னியாகுமரியில் அதைவிட நீளம். கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு இதைத் தேடாதீர்கள். இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். ஜூனில் நம் நண்பகல் ஊரைப் பொறுத்து 12.10-லிருந்து 12.25-க்குள் வரும். சாப்பாட்டு மணிக்கு முன்னால் முடித்துவிடலாம்.

"சூரியன் உதிக்கிற பக்கம் கிழக்கு" என்று பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பிலிருந்து கொண்டுவந்திருக்கும். ஜூனில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது. இதை முதல் வாரமே திருத்த வேண்டாம். தரையில் சுண்ணாம்பால் போட்ட கிழக்குக் கோட்டையும் காலை வெயில் வரும் பக்கத்தையும் எந்தப் பிள்ளையாவது ஒப்பிட்டுக் கேட்கும். கேட்கும்வரை காத்திருங்கள்.

வடக்கு கிடைத்தாயிற்று. இப்போது அறிமுகம். வழக்கமாக எழுந்து நின்று பேர், ஊர், அப்பா என்ன வேலை என்று சொல்லச் சொல்வோம். ஐந்தாவது பிள்ளைக்கு மேல் யாரும் கேட்பதில்லை. பதிலாக, மைதானத்தின் நடுவில் ஒரு செங்கலை வைத்து "இதுதான் நம்ம பள்ளிக்கூடம்" என்று சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தன் ஊர் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அப்படிப் போய் நிற்க வேண்டும். அளவை நீங்களே சொல்லிவிடுங்கள், ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு காலடி என்று. முதலில் எல்லாரும் செங்கல் பக்கத்திலேயே கூடி நிற்பார்கள். "ஏய், நீ டவுன் பஸ்ல தானே வர்ற, இன்னும் தள்ளிப் போ" என்று யாராவது சொன்னதும் ஆரம்பிக்கும். ஒரே பக்கம் வந்து நிற்கிற மூன்று பேருக்கு, தாங்கள் ஒரே பஸ்ஸில் ஏறப்போகிறோம் என்பது அப்போதுதான் தெரியும். நீங்கள் கேட்ட கூச்சம் அங்கே போய்விடும், தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஒரே ஊர்க்காரர்கள் இருவர், ஒருவர் மூன்று கிலோமீட்டர் என்றும் இன்னொருவர் ஐந்து என்றும் சண்டை போடுவார்கள். ஒருத்தி வரப்பு வழியாக நடந்து வருகிறாள், இன்னொருவன் ரோடு சுற்றி சைக்கிளில் வருகிறான். இரண்டும் சரி. வரைபடத்துக்கு வேண்டியது மூன்றாவது, நேர்கோட்டுத் தூரம். அளவுகோல் பாடத்தை இதைவிட நல்ல இடத்தில் தொடங்க முடியாது.

இந்த ஆட்டத்தில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஊர் வரைக்கும் கேளுங்கள், தெருவைக் கேட்காதீர்கள். நம் ஊர்களில் தெருப்பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். முதல் வாரத்தில் பிள்ளைகளை அப்படிப் பிரித்து நிறுத்திக் காட்டும் வேலையை நாமே செய்துவிடக் கூடாது. பஸ் நிறுத்தம், கோயில் குளம், தண்ணீர்த் தொட்டி என்று பொது இடத்தை அடையாளமாக வைத்தால் போதும். விடுதிப் பிள்ளைகளும், பீகார், ஒடிசா பக்கமிருந்து பெற்றோர் வேலைக்கு வந்த பிள்ளைகளும் இருந்தால், தங்கியிருக்கும் இடத்தில் நிற்பதா பிறந்த ஊரில் நிற்பதா என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். "என் ஊரு மைதானத்துக்கு வெளியே" என்று ஒரு பையன் கேட்டைத் தாண்டி ஓடிப் போய் நின்றால், வகுப்பு அவன் பெயரை மறக்காது. யாரையும் துருவிக் கேட்க வேண்டாம், அவ்வளவுதான்.

அடுத்த நாளுக்குத் திணை விளையாட்டு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று மூலைக்கு ஒன்றாகப் பிரித்தால் பழையபடி மூலைக்கு ஓடும் கதைதான். மேற்குச் சுவரை மலையாகவும் கிழக்குச் சுவரைக் கடலாகவும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் பெரிய சரிவே அதுதான். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர், கோவை 400-ஐ ஒட்டி, திருச்சி நூறு மீட்டருக்குள், நாகப்பட்டினம் கடலோடு கடலாக. குறிஞ்சி மேற்குச் சுவரோரம், அப்புறம் முல்லை, அப்புறம் மருதம், கிழக்குச் சுவரில் நெய்தல். தேன், தினை, வரகு, சாமை, நெல், கரும்பு, உப்பு, கருவாடு, பட்டி ஆடு, நாற்று, வலை என்று சீட்டு எழுதி ஆளுக்கொன்று கொடுங்கள். பேசாமல் தன் இடத்தில் போய் நிற்க வேண்டும், நின்ற பிறகுதான் பக்கத்தில் இருப்பவரிடம் பேசலாம். ஆட்டுக்காரன் முல்லையில் நிற்பதா, அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவதற்கு மருதத்துக்குப் போவதா என்று குழம்புவான். குழம்பட்டும், இரண்டுக்கும் நடுவே நிற்கலாம். பாலைக்குத் தனி இடம் ஒதுக்காதீர்கள். "மழை பொய்த்தது" என்று நீங்கள் அறிவித்ததும் குறிஞ்சியிலும் முல்லையிலும் நிற்பவர்கள் உட்கார்ந்துவிட வேண்டும், அதுதான் பாலை. இந்த நேர்கோட்டுக்கு அடங்காத இடங்களும் உண்டு. ஏற்காடும் கொல்லிமலையும் நடுவில் முளைத்து நிற்கும். குமரி மாவட்டத்தில் மலையும் கடலும் தோளோடு தோள் உரசும். அந்தப் பக்கத்துப் பள்ளி என்றால் இதையே பேச்சாக்கிவிடலாம்.

இனி என் விருப்பமான ஆட்டம். இதற்கு ஒரு முழுப் பாடவேளை வேண்டும், முடிந்தால் உடற்கல்வி சாரிடம் கேட்டு இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இப்போது 38 மாவட்டங்கள், உங்கள் வகுப்பில் நாற்பது பேர். ஆளுக்கொரு மாவட்டம் கொடுத்தால் மிச்சம் இருவர், அவர்கள் புதுச்சேரியும் காரைக்காலும். விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் இடையில் புதுச்சேரி, மயிலாடுதுறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் காரைக்கால். இரண்டும் நம் மாநிலம் இல்லை என்றாலும் அந்த இடம் காலியாக இருக்க முடியாது என்பதை நிற்கும் உடம்பே சொல்லிவிடும்.

அளவு: ஒரு மீட்டருக்கு 50 கிலோமீட்டர். வடக்கு தெற்காகப் பன்னிரண்டு மீட்டர், கிழக்கு மேற்காக ஒன்பது மீட்டர் இருந்தால் மாநிலம் அடங்கும். ஐந்து பேரை மட்டும் நீங்கள் நிறுத்துங்கள்: வடகிழக்கில் திருவள்ளூர், வடமேற்கில் கிருஷ்ணகிரி, மேற்கில் நீலகிரி, தென்கிழக்கில் ராமநாதபுரம், தென்கோடியில் கன்னியாகுமரி. மற்றவர்கள் தாமே இடம் பிடிக்க வேண்டும். வரைபடம் வகுப்பறையிலேயே இருக்கட்டும். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாம், ஆனால் கையில் எடுத்துவரக் கூடாது. பார்த்ததை மனசில் சுமந்துகொண்டு ஓடிவருகிற அந்த அரை நிமிடத்தில்தான் வரைபடம் பதிகிறது. "உன் பக்கத்து வீடு யாரு?" என்று நீங்கள் கேட்டுக்கொண்டே சுற்றி வாருங்கள். பெரம்பலூர், அரியலூர், கள்ளக்குறிச்சிப் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள், ஈரோடும் திண்டுக்கல்லும் கையைக் காலை நீட்டிக்கொள்ளலாம்.

எல்லாரும் நின்றதும் காவிரி வரும். பழைய நீலச் சேலைகளை முனையோடு முனை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் கேட்டால் கிடைக்கும். குடகின் தலைக்காவிரியில் பிறந்து கர்நாடகத்தைக் கடந்து ஒகேனக்கல்லில் விழும் ஆற்றை முதலில் பிடிப்பது தருமபுரி. அடுத்து சேலம். அங்கே சேலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மேட்டூர் அணை. 1934-இல் கட்டி முடித்தது. "திறந்துவிடுங்கள்" என்று கீழே இருக்கிற தஞ்சாவூர் கத்தினால்தான் சேலம் விடலாம். இந்த இடத்தில் விளையாட்டு தானாகவே அரசியல் ஆகும், பயப்படாதீர்கள். ஈரோட்டில் பவானி வந்து சேரும். நீலகிரியில் பிறந்து கேரளத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் ஆறு அது. அதற்கு ஒரு துண்டு போதும். ஈரோடு ஒரு கரை, நாமக்கல் எதிர்க்கரை, இருவரும் சேலையின் இரண்டு ஓரத்தைப் பிடிக்க வேண்டும். கரூர்ப் பக்கம் நொய்யலும் அமராவதியும் சேரும்.

திருச்சியில்தான் முக்கியமான கட்டம். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. திருச்சிப் பிள்ளை இரண்டு கையிலும் கைக்கொரு சேலையைப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு புத்தகப் பையை வைக்கட்டும். அதுதான் ஸ்ரீரங்கம். தீவு என்றால் கடலுக்கு நடுவில்தான் இருக்கும் என்று நினைத்திருந்த பிள்ளைகள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நிற்கும். கல்லணையில் இரண்டு சேலைகளும் மறுபடி நெருங்கி வரும். அங்கிருந்து வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து தஞ்சை, திருவாரூர், நாகைப் பிள்ளைகளின் கைக்கெல்லாம் துண்டு துண்டாகப் போகும். ஆறு இதுவரை மற்ற ஆறுகளை வாங்கிக்கொண்டே வந்தது, இதற்கு மேல் கொடுத்துக்கொண்டே போகிறது. டெல்டா என்ற சொல்லை இதற்குப் பிறகு சொல்லுங்கள், முன்னால் வேண்டாம். பூம்புகாரில், மயிலாடுதுறைப் பிள்ளையின் கைக்கு வந்து சேரும்போது காவிரிக்கு ஒரு கைக்குட்டை மிச்சமிருந்தால் அதிகம். ஏன் இவ்வளவு சின்னதாகிவிட்டது என்று அந்தப் பிள்ளையே கேட்கும்.

ஜூனில் இன்னொரு வசதி, பருவக்காற்று வெளியிலேயே வீசிக்கொண்டிருக்கும். ஒதுக்கி வைத்த பெஞ்சுகளை அறையின் மேற்குப் பக்கம் வடக்கு தெற்காக வரிசையாகப் போட்டு மூன்று இடைவெளி விடுங்கள், அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை. பாலக்காட்டுக் கணவாய்க்குப் பெரிய இடைவெளி, செங்கோட்டைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் சின்னது. மேகப் பிள்ளைகள் ஆளுக்குப் பத்துக் காகிதத் துண்டுகளுடன் தென்மேற்கிலிருந்து வருவார்கள். பெஞ்சில் ஏற வேண்டுமென்றால் எட்டுத் துண்டுகளை அங்கேயே போட்டுவிட வேண்டும். மறுபக்கம் இறங்கும்போது கையில் இரண்டுதான். இறங்கும் பக்கத்தில் நிற்கும் கோவைக்கு அவ்வளவுதான் கிடைக்கும். வால்பாறை வட்டாரத்தில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.-க்கு மேல் கொட்டும் இடங்கள் உண்டு. நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர் கூட இல்லாத கோவை நகரத்தில் 600, 700-தான். மழைமறைவுப் பகுதி என்பது இதுதான். இடைவெளி வழியாக வருகிறவர்கள் ஏற வேண்டியதில்லை, ஓடி வரலாம். அந்தப் பக்கம் நிற்பவர்கள் இரண்டு கையையும் காற்றாலை மாதிரிச் சுற்ற வேண்டும். பல்லடம் உடுமலைப் பக்கமும், தென்காசி கயத்தாறு பக்கமும், முப்பந்தலிலும் காற்றாலைகள் கூட்டமாக இருப்பதற்குக் காரணம் இந்த மூன்று ஓட்டைகள்தான். பெஞ்சில் ஏறும்போது ஒருவர் பின் ஒருவராக, கீழே ஒரு பிள்ளை கை கொடுக்க நிற்கட்டும். பிறகு ஆட்டத்தைத் திருப்பி, வங்கக் கடலிலிருந்து வடகிழக்குக் காற்றாக வரச் சொல்லுங்கள். கடலோரம் நிற்பவர்கள் மடி நிறைய வாங்கிக்கொள்வார்கள். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவதுதான்.

இடமே இல்லை, மழை பெய்கிறது, பக்கத்து வகுப்பில் தேர்வு நடக்கிறது என்றால் நின்ற இடத்திலேயே பூமியாகிவிடலாம். தலை வட துருவம், மூக்கு இந்தியா. அப்படியானால் இடது கன்னத்தில் ஜப்பான், வலது காதில் லண்டன், பின்மண்டையில் மெக்சிகோ. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். ஜன்னல்தான் சூரியன். இடது பக்கமாக மெதுவாகச் சுற்ற வேண்டும். பல இடங்களில் வலது பக்கமாகச் சுற்றவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் லண்டனில் நமக்கு முன்னால் விடிந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை. "துபாயில் இருக்கிற உங்க சித்தப்பாவுக்கு இப்போ விடிஞ்சிருச்சா? சிங்கப்பூர் அத்தைக்கு?" என்று கேட்டால் பிள்ளைகள் மூக்குக்கு இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்துச் சொல்லும். இரண்டு ஊரும் மூக்கிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரம். ஆனால் துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். காரணம், சிங்கப்பூர் தன் கடிகாரத்தைத் தன் தீர்க்கரேகைக்கு வைக்காமல் 120 பாகைக்கு வைத்திருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை யாராவது இதைக் கண்டுபிடித்தால் அன்றைக்கு வகுப்பை அத்தோடு முடித்துவிடலாம்.

குளமா கரையா எல்லாருக்கும் தெரிந்த ஆட்டம். கோட்டை நிலநடுக்கோடாக்கினால் போதும். ஆஸ்திரேலியா என்றால் தெற்கே குதி, ஜப்பான் என்றால் வடக்கே. இந்தோனேசியா, கென்யா, பிரேசில் என்றால் கோட்டின் இரண்டு பக்கமும் ஒரு கால். ஐந்து நிமிட இடைவேளைக்கு நல்லது, அதற்கு மேல் அதில் சரக்கு இல்லை.

ஒன்பதாம் வகுப்பும் உங்களுக்கு வந்தால் இதைச் செய்யுங்கள். டைல்ஸ் போட்ட தரையில் நூறு டைல்ஸ்களை உலகத்தின் நிலமாக எண்ணுங்கள். ஆசியாவுக்கு 30, ஆப்பிரிக்காவுக்கு 20, வட அமெரிக்காவுக்கு 16, தென் அமெரிக்காவுக்கு 12, அண்டார்டிகாவுக்கு 9, ஐரோப்பாவுக்கு 7, ஆஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும் சேர்ந்து 6. நாற்பது பேரை மக்கள்தொகையாகப் பிரித்தால் ஆசியா 24, ஆப்பிரிக்கா 7, ஐரோப்பா 4, வட அமெரிக்கா 3, தென் அமெரிக்கா 2. ஆஸ்திரேலியப் பக்கத்துக்கு ஒரு முழு ஆள் கூட வராது. இவ்வளவும் நின்ற பிறகு, ஆசியாவிலிருந்து ஏழு பேரைப் பிரித்து இரண்டே டைல்ஸில் நிற்கச் சொல்லுங்கள். அதுதான் இந்தியா. சீனாவுக்கும் ஏழு பேர்தான், ஆனால் ஆறு டைல்ஸ். வட அமெரிக்காவின் மூன்று பேர் படுத்துப் புரண்டாலும் இடம் மிச்சமிருக்கும். இதில் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதே வராது, இரண்டு டைல்ஸில் நசுங்குகிற ஏழு பேர் சொல்வார்கள்.

சில நடைமுறை விஷயங்கள். பையன்களும் பெண் பிள்ளைகளும் கைகோத்து நிற்கத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், கைக்குட்டையின் இரண்டு முனையைப் பிடித்தால் போதும். நடக்க முடியாத பிள்ளையை எப்போதும் நடுவராகவே உட்கார வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, அதை விட்டுவிடுங்கள். அவள் மேட்டூராக இருந்தால் மொத்த ஆறும் அவள் கையில்தான் இருக்கும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சத்தம் கேட்டு அவர் வந்து நின்றால் அவரையும் ஒரு மாவட்டமாக நிறுத்திவிடலாம். எல்லா ஆட்டத்தையும் ஐந்தே நாளில் செய்யாதீர்கள். முதல் வாரத்துக்கு நிழலும் செங்கலும், அதிகம் போனால் திணையும். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று போதும். மாவட்ட ஆட்டம் ஜூலைக்கு.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, வரைபடத்தைப் பார்க்காமல் தாங்கள் நின்றதை நோட்டில் வரையச் சொல்லுங்கள். தன் இடத்தையும், தன் இரண்டு பக்கத்திலும் நின்றவர்களையும் வரைந்தால் போதும். கோணல்மாணலாக இருக்கும், மதிப்பெண் போடாதீர்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடக் கேள்வி இருக்கிறதே, அதற்கு இது உதவுமா என்று பெற்றோர் கேட்டால், இந்த நோட்டையே எடுத்துக் காட்டலாம்.